ஆறாத கால் புண்: ஆக்சிஜன் அறைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் யாருக்காவது காலில் மாசக்கணக்காக ஆறாத புண் இருந்தால் இப்போதெல்லாம் எனக்குத்தான் போன் வருகிறது. அந்த மதுரை ஆக்சிஜன் எப்படி, நிஜமாகவே ஆறுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லி முடித்த பிறகுதான் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டது ஞாபகம் வரும். அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். என் அம்மாவின் புண் பதினாலு மாசம் ஆறாமல் கிடந்தது, அப்புறம் ஐந்து மாசத்தில் மூடியது. இடையில் நாங்கள் போன ஆக்சிஜன் அறை, ராமநாதபுரத்தில் ஒரு கிளினிக், வாங்கிய டிரெஸ்ஸிங் வகைகள், அழுத்தக் கட்டு எல்லாவற்றையும் பற்றி இதில் இருக்கிறது. இடங்களின் பெயரைப் போடவில்லை. நான் டாக்டர் இல்லை, புண் கட்டிக் கட்டிக் கற்றுக்கொண்டவள்.

அம்மாவுக்கு ஊர் சின்னப்பாலம். முப்பது வருசத்துக்கு மேல் கடல்பாசி எடுக்கப் போனவர். விடியும் முன்னே வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளைப் பிய்த்துச் சாக்கில் போட வேண்டும். தண்ணீரில் இல்லாத நேரமெல்லாம் நின்றுகொண்டே பாசியைக் காயவைக்கிற வேலை. மூன்று பிள்ளை பெற்ற பிறகே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கணுக்காலைச் சுற்றித் தோல் பழுப்பாகி, அரித்துக்கொண்டே இருக்கும். உப்புத்தண்ணியில் ஊறிய கறுப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் இடது காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, பாறை கீறிவிட்டது. அரை அங்குலக் கீறல்தான். அது ஆறவில்லை.

ஆரம்பத்தில் செய்தது எல்லாம் தப்பு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். பக்கத்தில் ஒரு இடத்தில் தினமும் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவிக் கட்டினோம். அந்த மருந்தை ஊற்றினால் நுரை பொங்கும், அழுக்கு வெளியே வருகிறது என்று எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் பாதிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதன் மேல் காய்ந்த காஸ் துணி. மறுநாள் பிரிக்கும்போது அது புண்ணோடு ஒட்டிக்கொண்டு, அன்றைக்கு என்ன கொஞ்சம் சிவப்பாகச் சதை பிடித்திருந்ததோ அதையும் பிய்த்துக்கொண்டு வரும், அம்மா கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறோம். ஜார்ஜ் வின்டர் என்பவர் 1962-லேயே பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்கிறது என்று காட்டிவிட்டார். அறுபது வருசத்துக்கு மேல் ஆகியும் அது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

எட்டாவது மாசம் புண் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. ஓயாமல் நீர் வடியும், பாயெல்லாம் நனையும், வாடை வரும். அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். புண்ணைவிட அதுதான் எங்களை உலுக்கியது.

அப்போதுதான் மதுரையில் ஒரு இடத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். கண்ணாடிக் குழாய் மாதிரி அறை, உள்ளே படுக்கவைத்துச் சுத்தமான ஆக்சிஜனை அழுத்தத்தில் கொடுப்பார்கள், ஆறாத புண் எல்லாம் ஆறும் என்று. 160 கிலோமீட்டர் போனோம். புண்ணைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், 30 தடவை வர வேண்டும், ஒரு தடவைக்கு 2,500 ரூபாய் என்றார்கள். அம்மாவின் கம்மலை அடகு வைத்துப் பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டினோம். மதுரையில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு எட்டு நாள் போனோம்.

அங்கே வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பும் இருந்தது, அது அவசியம். சுத்தமான ஆக்சிஜனில் ஒரு சின்னப் பொறி போதும், எல்லாம் எரிந்துவிடும். நைலான் சேலை கூடாது, அவர்கள் கொடுக்கும் பருத்தி உடைதான். போன், பேட்டரி, லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. தலையில் எண்ணெய் கூடாது. முதல் நாள் அம்மா வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு வந்ததால் அங்கேயே சீயக்காய் போட்டு அலசிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும் என்று பயமுறுத்தினார்கள். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார், சரியாகிவிட்டது. "முங்குறப்ப செய்யிறதுதானத்தா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றரை மணி நேரம் உள்ளே.

அந்த அறை என்ன செய்கிறது என்று பின்னால்தான் புரிந்துகொண்டேன். நாம் சாதாரணமாக மூச்சு விடும்போதே ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய முழுசாக ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் போகின்றன, அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் ஆக்சிஜன் ரத்தத்தின் நீரிலேயே நேராகக் கரைகிறது, கோலி சோடாவில் வாயுவை அடைப்பதுபோல. வழக்கமாக 2 முதல் 2.5 மடங்கு காற்றழுத்தம் கொடுப்பார்கள். 2.4 என்றால் கடலில் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கிற அழுத்தம், ஆழம் அளக்கும் நம் கடல்காரர் கணக்கில் ஏழரைப் பாகம். ரத்தக்குழாய் அடைத்து, ரத்தமே சரியாகப் போய்ச் சேராத சதைக்கு இந்தக் கரைந்த ஆக்சிஜன் ஒரு கைகொடுக்கும்.

அம்மாவின் காலில் பிரச்சினை அதுவே இல்லை. ரத்தம் காலுக்கு நன்றாகவே இறங்கியது, இறங்கிய ரத்தம் மேலே ஏறவில்லை. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில் (நரம்பு சுருண்டிருக்கிறது என்று நாம் சொல்வது இவற்றைத்தான்) ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் உண்டு, அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கி, அழுத்தம் கூடி, நீர் கசிந்து, தோல் பழுத்துப் போய்ப் புண்ணாகும். சாக்கடை அடைத்துக் கொல்லையில் தண்ணீர் நிற்கும் வீட்டுக்கு இன்னும் நல்ல குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்த கதைதான் நாங்கள் செய்தது. எட்டு நாளும் நான் அளந்தேன், புண் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. இந்த வகைப் புண்ணுக்கு ஆக்சிஜன் அறை உதவுமா என்று 1994-இல் ஸ்வீடனில் ஒரு சோதனை நடந்தது, அளவு குறைந்தது என்றுதான் அதில் வந்தது, ஆனால் கலந்துகொண்டவர்கள் வெறும் 16 பேர். அதை வைத்து ஒரு குடும்பத்தின் நகையை வாங்கக் கூடாது. பணம் வாங்கும் முன் அம்மாவை ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லிக் காலைப் பார்த்திருந்தாலே அந்தச் சுருண்ட நரம்பு தெரிந்திருக்கும். அதை யாரும் செய்யவில்லை என்பதுதான் என் குறை. மீதி இரண்டு தடவைக்கான பணம் திரும்பி வரவில்லை.

எங்களைச் சரியான வழிக்குத் திருப்பியது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் ஒரு பெண். அவள் புண்ணைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நரம்புப் புண் மாதிரி இருக்கு, ரத்தக்குழாய் பாக்கிற டாக்டர்ட்ட காட்டுங்க" என்றாள். அப்படித்தான் ராமநாதபுரத்தில் அந்தச் சின்னக் கிளினிக்குக்குப் போனோம்.

கிளினிக்கைப் பற்றி முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. கால் புண்ணோடு வருகிறவர்கள் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது, அதை மாற்றச் சொல்லி நேரிலேயே சொல்லிவிட்டேன். புண் பார்ப்பது வாரத்தில் இரண்டு நாள்தான், குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அங்கேயே டிரெஸ்ஸிங் வாங்கினால் பெட்டியில் அச்சடித்த விலை, வெளியில் மொத்தக் கடையில் அதே பொருள் குறைவாகக் கிடைக்கிறது.

மற்றபடி வைத்தியம் முதல் தரம். டாக்டர் முதலில் அம்மாவை நிற்கச் சொன்னார். அப்புறம் படுக்கவைத்து இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார், பிறகு கணுக்காலிலும் பார்த்தார். கணுக்காலில் பார்க்க ஸ்டெதஸ்கோப் இல்லை, பேனா மாதிரி ஒரு கருவி, ஜெல் தடவி வைத்தால் துடிப்பு விஷ்ஷ் விஷ்ஷ் என்று கேட்கும். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் ஒரு எண் வரும், ஏ.பி.ஐ. என்கிறார்கள். 0.9 முதல் 1.3 வரை இருந்தால் காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். 0.8-க்குக் கீழே என்றால் இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது, போட்டால் இருக்கிற ரத்த ஓட்டமும் தடைபடும். 0.5-க்குக் கீழே என்றால் உடனே ரத்தக்குழாய் மருத்துவரிடம் ஓட வேண்டும். அம்மாவுக்கு 1.05. மொத்தமே பத்து நிமிடச் சோதனை. அதுவரை நாங்கள் பார்த்த ஒருவரும் இதைச் செய்யவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு கொதிக்கிறது.

ஸ்கேனில் பெரிய சிரையின் வால்வுகள் வேலை செய்யவில்லை என்று உறுதியானது. வைத்தியம் என்ன என்று கேட்டபோது டாக்டர் சொன்ன பதில் எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. கட்டு. இறுக்கமான கட்டு, அவ்வளவுதான்.

நாலு அடுக்குக் கட்டு என்கிறார்கள். முதலில் பஞ்சு, அடுத்து கிரேப் துணி, மூன்றாவது எலாஸ்டிக், கடைசியில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. கால்விரல்கள் தொடங்கும் இடத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை. கணுக்காலில், பிரஷர் அளக்கிற அதே கணக்கில், சுமார் 40 மில்லிமீட்டர் அழுத்தம் வரும்படியும் மேலே போகப் போகக் குறையும்படியும் சுற்ற வேண்டும். இதை யார் வேண்டுமானாலும் சுற்ற முடியாது, பழகிய கை வேண்டும். அங்கிருந்த சிஸ்டர் குனிந்து முக்கால் மணி நேரம் அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு சுற்றினார், ஒரு சுருக்கம் விழுந்தாலும் பிரித்து மறுபடி ஆரம்பித்தார். முதல் மூன்று நாள் அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. ராத்திரி கத்தரிக்கோலை எடுத்து வெட்டப் போனவரைத் தம்பிதான் தடுத்தான். சிஸ்டருக்குப் போன் செய்தேன். விரல் நுனி நீலமாகவோ சில்லென்றோ இருக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா, அப்படி இருந்தால் உடனே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் காலை உயர்த்திப் படுக்கவைத்துக் காலை வரை பொறுங்கள் என்றார். விரல்கள் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. பொறுத்துக்கொண்டோம். நாலாவது நாள் வலி குறைந்தது. பாயில் நீர் ஒழுகுவது பத்தாவது நாள் நின்றது, அந்த வாடையும் அதோடு போய்விட்டது.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை கட்டு மாற்றினோம். புண்ணின் பக்கத்தில் காகித அளவுகோலை வைத்து ஒவ்வொரு வாரமும் போட்டோ எடுத்தேன். முதல் போட்டோவில் 7 சென்டிமீட்டருக்கு 5. நாலு வாரம் கழித்து 5-க்கு மூன்றரை. அந்த நாலாவது வாரக் கணக்கு முக்கியம் என்று டாக்டர் சொன்னார், ஒரு மாசத்தில் பரப்பு நன்றாகக் குறையாவிட்டால் போகிற வழியையே மாற்ற வேண்டுமாம். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டு போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது டிரெஸ்ஸிங். கட்டுக்கு அடியில் புண்ணின் மேல் என்ன வைக்கிறோம் என்பது இரண்டாம் பட்சம்தான், விலையைப் பார்த்து இதுதான் வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் புண்ணின் நிலைமைக்கு ஏற்ற பொருளை வைத்தால் வலியும் வாடையும் எவ்வளவோ குறைகிறது.

நீர் அதிகம் வடிந்த காலத்தில் ஆல்ஜினேட் வைத்தார்கள். எங்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பார்க்க வெள்ளைக் கம்பளித் துண்டு மாதிரி, கையில் எடுத்தால் எடையே இருக்காது. புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்துவிட்டால், அதில் இருக்கும் கால்சியமும் புண்ணிலிருந்து வடியும் நீரில் இருக்கும் சோடியமும் இடம் மாறி, துண்டு அப்படியே வழவழப்பான ஜெல்லாக மாறிவிடும். எடுக்கும்போது ஒட்டாது, சலைன் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வரும், சின்ன ரத்தக் கசிவையும் நிறுத்தும். முதல் தடவை அதைப் பிரித்தபோது அம்மா வழக்கம்போல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், முடிந்துவிட்டது என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் திறந்தார். இது எதில் செய்தது தாயி என்று கேட்டார். கடல்பாசியில் எடுக்கிறது அம்மா, பழுப்புப் பாசி என்றார் சிஸ்டர். அம்மா அந்த ஜெல்லை வாங்கி, விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, "நம்ம கட்டக்கோரையும் இப்படித்தான் வழவழங்கும்" என்றார். உண்மைதான். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் நம் கரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கத்தான் போகின்றன. முப்பது வருசம் சாக்குச் சாக்காகப் பிய்த்துக் கொடுத்தவருக்கு அது புண்ணுக்கு மருந்தாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை, ஆல்ஜினேட் நீர் வடியும் புண்ணுக்கு மட்டும்தான். புண் காய ஆரம்பித்த பிறகும் மிச்சம் இருக்கிறதே என்று நான் ஒரு தடவை வைத்துவிட்டேன், காய்ந்து ஒட்டிக்கொண்டது, ஊறவைத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்தக் கட்டத்தில் ஃபோம் டிரெஸ்ஸிங்தான் சரி, மெத்தென்று இருக்கும், ஒரு வாரம் அப்படியே விடலாம், கடைசி வரை அதுதான் ஓடியது. ஹைட்ரோகொலாய்டு என்கிற, தோலில் ஒட்டிக்கொள்ளும் டிரெஸ்ஸிங் எங்களுக்கு ஒத்துவரவில்லை, சித்திரை வெயிலில் ஓரம் சுருண்டு கசிந்து வாடை வந்தது, ஏசி அறையில் இருப்பவர்களுக்குச் சரியாக இருக்கலாம். வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங்கை மருந்துக் கடையில் வற்புறுத்தி விற்கப் பார்த்தார்கள், விலை மூன்று மடங்கு. டாக்டர் வேண்டாம் என்றார். பிரிட்டனில் 213 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஒரு சோதனையில், இந்த வகைப் புண்ணுக்கு வெள்ளி போட்டாலும் போடாவிட்டாலும் ஆறுவதில் வித்தியாசம் இல்லை என்று வந்திருக்கிறது. கிருமி அதிகமாக இருக்கும் புண்ணுக்குக் கொஞ்ச நாள் போடுவது வேறு விஷயம். அப்புறம் நியோமைசின் கலந்த பவுடரையும் களிம்பையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், நாள்பட்ட கால் புண் உள்ளவர்களுக்கு அதில் அலர்ஜி வருவது சகஜம். அம்மாவுக்குச் சுற்றிலும் தோல் வெந்த மாதிரி சிவந்ததற்கு அதுதான் காரணம் என்றார்கள், நிறுத்தி ஜிங்க் களிம்பு தடவியதும் அடங்கியது.

மூன்றாவது மாசம் மதுரையில் ஒரு மருத்துவமனையில் பழுதான சிரையை லேசர் வைத்து அடைத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, மரத்துப்போக ஊசி மட்டும், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். இதைப் புண் ஆறிய பிறகு செய்யலாம் என்றுதான் முன்பு தள்ளிப்போடுவார்களாம். 2018-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் 450 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, கட்டோடு சேர்த்துச் சிரையையும் சீக்கிரமே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள்ளும், கட்டு மட்டும் போட்டுத் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு 82 நாளுக்குள்ளும் புண் ஆறியிருக்கிறது. அம்மாவின் கட்டு ஆரம்பித்த 21-ஆவது வாரம் புண் மூடியது.

ஆக்சிஜன் அறையே ஏமாற்று என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்டக் கூடாது. கீழக்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் மாமா பழைய சங்கு குளியாளி, கடலுக்குள் முங்கிச் சங்கு எடுத்தவர். பதினைந்து வருசமாகச் சர்க்கரை. காலின் சுண்டுவிரல் கறுத்து எடுக்க வேண்டிவந்தது, எடுத்த இடம் ஆறவில்லை. அவருக்கு ஏ.பி.ஐ. பார்த்தபோது 1.4 வந்தது. பார்க்க நல்ல எண் மாதிரி இருக்கும், ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாயில் சுண்ணாம்பு ஏறி விறைத்துப்போவதால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும், அதனால் கால்விரலில் தனியாகப் பிரஷர் பார்க்க வேண்டும். அங்கே குறைவு. முதலில் அடைப்பைப் பலூன் வைத்துத் திறந்தார்கள். அதன் பிறகும் புண் நகராததால், பாதத்தின் தோலில் ஒரு சென்சார் ஒட்டி அங்கே ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, ஆக்சிஜன் கொடுத்தால் ஏறுகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, 30 தடவை அறையில் வைத்தார்கள். இது நாங்கள் போன இடம் இல்லை, வேறு ஒன்று. ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் முன் சர்க்கரை பார்த்தார்கள், ஏனென்றால் அறைக்குள் சர்க்கரை இறங்கும். நடுவில் தூரத்துப் பார்வை மங்கியது, கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்று பயந்தார், அது இந்தச் சிகிச்சையில் வரக்கூடியதுதான், முடிந்து இரண்டு மாசத்தில் பழையபடி ஆனது. புண் நாலு மாசத்தில் ஆறியது. ஏழரைப் பாகம் எல்லாம் எனக்கு ஒரு ஆழமா என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறைதான் காப்பாற்றியது என்பது மாமாவின் கட்சி. அடைப்பைத் திறந்ததும், பாதத்தில் எடை விழாமல் மாவுக்கட்டு போட்டதும், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும், அறையும் சேர்ந்துதான் என்பது என் கட்சி. சர்க்கரைக் கால் புண்ணில் ஆக்சிஜன் அறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆறு வாரக் கணக்கில் உதவி தெரிகிறது, வருசக் கணக்கில் அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அதனால் அறை கடைசியில் சேர்க்க வேண்டியது, முதலில் ஓட வேண்டிய இடம் அல்ல. நெஞ்சில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருப்பவர்கள் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது. காதுக் கோளாறு, வலிப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

காலை மட்டும் ஒரு உறைக்குள் விட்டு ஆக்சிஜன் செலுத்தும் முறையும் இருக்கிறது. 2020-இல் வந்த ஒரு சோதனையில், சர்க்கரைக் கால் புண் உள்ள 73 பேரில், நிஜமான கருவி கொடுத்தவர்களில் 41.7 சதவீதத்தினருக்கும் போலிக் கருவி கொடுத்தவர்களில் 13.5 சதவீதத்தினருக்கும் 12 வாரத்தில் ஆறியது. நல்ல சேதிதான். ஆனால் அது அழுத்தம் ஏற்றி இறக்கும் தனிக் கருவி. இதைக் கேள்விப்பட்டு, மூச்சுத் திணறலுக்கு வாடகைக்கு வாங்கும் ஆக்சிஜன் சிலிண்டரையும் பிளாஸ்டிக் பையையும் வைத்து வீட்டிலேயே செய்யலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். பக்கத்து அறையில் அடுப்பு எரியும், சாமி விளக்கு எரியும், யாராவது பீடி பற்றவைப்பார்கள்.

நம் ஊருக்கு என்று சில விஷயங்கள். கோடையில் கட்டுக்குள் அரிப்பு உயிரை வாங்கும், குச்சியை விட்டுச் சொறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே ஈரத்துணியை வைக்காமல் ஃபேன் காற்று பட விடுங்கள். குளிக்கும்போது பெரிய பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்ளலாம். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள், காசே இல்லாத வைத்தியம், இதயக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கலாம், நடக்க வேண்டும், கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. ஒரே இடத்தில் நிற்பதுதான் கெடுதல். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று வலி கூடினாலோ அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். அது இல்லாமல் சும்மா ஆன்டிபயாட்டிக் விழுங்குவதால் புண் ஆறாது.

செலவு கேட்பீர்கள். ஐந்து மாசக் கட்டும் டிரெஸ்ஸிங்கும் பஸ் செலவும் சேர்த்து எங்களுக்கு 30,000 ரூபாய்க்குப் பக்கம், லேசர் தனி. மதுரை அறையில் எட்டே நாளில் கரைந்தது 25,000. நாலு அடுக்குக் கட்டு ஒரு தடவை போட்டால் எறிய வேண்டியது என்பதால், இரண்டாவது மாசத்திலிருந்து துவைத்துத் திரும்பப் போடக்கூடிய, அதிகம் இழுபடாத வகைக் கட்டுக்கு மாறினோம், அதில்தான் செலவு பிடிக்குள் வந்தது. சுற்றுவதை எனக்கும் சிஸ்டரே கற்றுக்கொடுத்தார், நாலு தடவை அவர் கண் முன்னால் சுற்றிக் காட்டிய பிறகுதான் வீட்டில் செய்ய விட்டார். மதிப்பெண் போடச் சொன்னால் கிளினிக்குக்கு ஐந்துக்கு நாலரை, அந்த அரை மாடிப்படிக்காக. ஆல்ஜினேட்டுக்கு நாலு, ஃபோமுக்கு நாலு. எங்களை எதுவும் சோதிக்காமல் பணம் வாங்கிய ஆக்சிஜன் இடத்துக்கு ஒன்று.

புண் மூடிய பிறகும் வேலை முடியவில்லை. வால்வு பழுது வாழ்நாள் பழுது, கவனிக்காவிட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். இப்போது அம்மா காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கும் முன்பே அழுத்தக் காலுறையைப் போட்டுக்கொள்கிறார், ராத்திரி படுத்த பிறகுதான் கழற்றுகிறார். இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறோம், துவைத்து நிழலில் காயப்போட வேண்டும், ஆறு மாசத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும். போட்டுவிடுவது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, உறையைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து அப்புறம் உள்ளங்கையால் மேலே தேய்த்துக்கொண்டே போங்கள், ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். முதல் வாரம் நான் போட்டுவிட்டேன். இப்போது அவரே போட்டுக்கொண்டு, பாசி காயும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். கம்மலைப் போன மாசம் மீட்டுவிட்டோம்.